அடுப்புக்கு மட்டும் லீவு

துபாயின் அல் கூஸில் இருக்கிற அந்தச் சமையற்கூடத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அவருக்கோ சமைக்கத் தெரியாது. சீரகத்துக்கும் சோம்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிப்பார். ஆனாலும் தினமும் காலையில் அவர் வந்து, கையைக் கழுவி, வரிசையாக நிற்கிற அத்தனை அடுப்பையும் தன் கையால் பற்றவைத்த பிறகுதான் மற்றவர்கள் சட்டியைத் தூக்கி வைக்கலாம். அவர் பெயர் ஹனோக் தலேகர். பம்பாயில் பிறந்த யூதர். துபாயில் உள்ள ஒரு சிறிய யூத சபைக்கு மதகுரு. அவர்கள் மொழியில் ரபி. கிச்சனில் எல்லோருக்கும் அவர் ‘ரபி சாப்’.

யூதர்களின் சாப்பாட்டுச் சட்டத்துக்குக் கோஷர் என்று பெயர். ஹலால் மாதிரி ஒன்றுதான், கெடுபிடி இன்னும் கொஞ்சம் கூடுதல். பால் பாத்திரம் வேறு, கறிப் பாத்திரம் வேறு. கொத்தமல்லியில் ஒரு பூச்சி ஒளிந்திருந்தாலும் போச்சு, கட்டு மொத்தமும் குப்பைக்கு. அதற்காகவே ரபி ஒரு விளக்குப் பெட்டியின் மேல் இலை இலையாக விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். இதெல்லாம் போக இந்த அடுப்பு விஷயம். யூதர் ஒருவர் பற்றவைத்த நெருப்பில் வெந்தால்தான் அவர்களுக்கு அது சாப்பாடு. இல்லாவிட்டால் அமிர்தமே ஆனாலும் தொட மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரெங்கராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏம் பாய், நாம பத்தவெச்சா மட்டும் தீ எரியாதாக்கும்?” என்று பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கௌஸ் முகம்மதுவிடம் கேட்டான். கௌஸ் முகம்மது வாணியம்பாடிக்காரர், பிரியாணி மாஸ்டர். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சுவரைக் காட்டினார். ‘ரபி தவிர வேறு யாரும் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்’ என்று இங்கிலீஷ், இந்தி, தமிழ், மலையாளம் என நான்கு பாஷையிலும் ஒட்டியிருந்தது. கீழே கம்பெனி முத்திரை.

ரெங்கராஜ் வேடசந்தூர்ப் பக்கத்து ஆள். பல வருட வளைகுடா வாழ்க்கையில் அவன் நிற்காத கிச்சன் இல்லை. இந்த வேலைக்கு அவன் விழுந்தடித்துக்கொண்டு வந்ததற்கு ஒரே காரணம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். சபாத் என்பார்கள். அந்த நேரத்தில் ரபி நெருப்பைத் தொட மாட்டார். ரபி தொடாவிட்டால் அடுப்பு இல்லை, அடுப்பு இல்லாவிட்டால் கிச்சனைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஊரில் சனிக்கிழமை என்றால் நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஆகாதவனைச் சனியனே என்றுதான் திட்டுவார்கள். ரெங்கராஜுக்கு வாரத்திலேயே நல்ல நாளாக வாய்த்தது அதுதான்.

ஏனென்றால் அவன் மனைவி ஜோதிமணிக்கும் அன்றைக்குத்தான் லீவு. அவள் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாட்டில், ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள் என்று ஊரில் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அவன் தங்கியிருக்கிற கம்பெனி கேம்பில் பெண்கள் கால் வைக்கக் கூடாது, அவள் ரூமில் ஆண்கள் கால் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே இந்தத் தம்பதி குடித்தனம் நடத்தியது ஷார்ஜாவின் ரோலா பூங்காவில், வேப்பமரத்தடிப் பெஞ்சு ஒன்றில்.

சனிக்கிழமை காலையில் ஜோதிமணி முதலில் வந்து இடம் பிடிப்பாள். ரூமில் மற்றப் பெண்களோடு முட்டிமோதி அடுப்பைப் பிடித்து வைத்த கருவாட்டுக் குழம்பு தூக்கில் இருக்கும். அவன் வெள்ளிக்கிழமை கிச்சனில் சுட்ட பின்னல் ரொட்டியைக் கொண்டுபோவான். சபாத்துக்கென்று ஜடை மாதிரி பின்னிச் சுடுகிற ரொட்டி அது. ரபி ஆளுக்கொன்று கொடுத்து அனுப்புவார். அதைக் கருவாட்டுக் குழம்பில் முக்கிச் சாப்பிட்ட முதல் ஆள் உலகத்திலேயே ஜோதிமணியாகத்தான் இருக்கும். பிறகு திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் இருக்கிற மகள் தாரிணியைப் போனில் கூப்பிட்டு, இரண்டு தலையையும் ஒரே திரைக்குள் நுழைத்து, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருத்தர் பேசுவதும் ஒருத்தருக்குக் கேட்காது. ஆனாலும் மனசு நிறைந்துவிடும்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஸ்ரீனிவாசன் வந்தார்.

ஸ்ரீனிவாசன் புது ஆபரேஷன்ஸ் மேனேஜர். சென்னை ஆள், படித்தவர், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆளைப் பார்த்தால் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆனால் சும்மா இருக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சனிக்கிழமை எட்டு ஆள் சும்மா இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. கம்பெனிக்கு ஜெபல் அலியில் இன்னொரு கிச்சன் உண்டு. லேபர் கேம்புகளுக்குச் சாப்பாடு போகிற பெரிய கிச்சன். “அடுப்புக்குத்தானேப்பா லீவு, உங்களுக்கு என்ன?” என்று சிரித்துக்கொண்டே கேட்டு, சனிக்கிழமை காலையில் வேனை அனுப்பிவிட்டார். காகிதத்தில் அதற்கு ‘விருப்பத்தின் பேரில் எக்ஸ்ட்ரா டூட்டி’ என்று பெயர். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தவனுடைய கான்ட்ராக்ட் அடுத்த முறை புதுப்பிக்கப்படாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

முதல் சனிக்கிழமை ரெங்கராஜ் போன் செய்து, “டூட்டி போட்டுட்டாங்க ஜோதி” என்றான். “சரி மாமா” என்றாள். அடுத்த வாரமும் அப்படியே சொன்னான். அவளும் அப்படியே சரி என்றாள். அப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் ‘சரி’ என்று வைத்த பிறகும் அவன் போனைக் காதிலேயே வைத்திருப்பான். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்று நினைத்தான்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை அது வெடித்தது.

அன்றைக்கு ரபி, கிச்சனைப் பார்க்க வந்த விருந்தாளிகள் சிலரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். தன் கிச்சனைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. அடுப்பு வரிசைக்கு எதிரே நின்று, “எங்கள் ஓய்வுநாளில் இங்கே அடுப்புகூட ஓய்வெடுக்கும்” என்று இங்கிலீஷில் சொன்னார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். கறிச்சட்டி கழுவிக்கொண்டிருந்த ரெங்கராஜுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

அவன் சட்டியைத் தொட்டியில் ‘டமால்’ என்று போட்டான். “ஆமா ரபி சாப். அடுப்புக்கு லீவு. ஆளுக்கு இல்ல” என்று இந்தியில் சொன்னான்.

கிச்சனே நின்றுவிட்டது. கௌஸ் முகம்மது வெங்காயத்தைப் பார்த்தபடி, “டேய் ரெங்கா, வாயை மூடு” என்று பல்லுக்குள் சொன்னார். ரபி விருந்தாளிகளை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். இருவருக்கும் பொதுப் பாஷை இந்தி. ரபியுடையது பம்பாய் இந்தி, ரெங்கராஜுடையது கிச்சன் கிச்சனாகப் பொறுக்கிய இந்தி. கோபம் வந்தால் ரெங்கராஜுக்கு அது நன்றாகவே வரும்.

“சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டார் ரபி.

“ஜெபல் அலி கிச்சன். விடியக்காலை வேன் வரும். நீங்க கோயில்ல உக்காந்து ஓய்வுநாள் கொண்டாடுற நேரத்துல நாங்க அங்க சோறு வடிப்போம்.”

ரபிக்கு உண்மையாகவே தெரியாது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அது விளங்கியது. அவர் விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கொத்தமல்லி பாதி பார்த்தபடி கிடந்தது.

“எங்கள் சட்டத்தில்,” என்றார் மெதுவாக, “அந்த நாளில் யார் யார் ஓய்வெடுக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. நீ, உன் பிள்ளைகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் ஊரில் வந்து தங்கியிருக்கிற வெளியூர்க்காரன், உன் மாடு, உன் கழுதை.”

“மாட்டுக்குமா?”

“மாட்டுக்கும்.”

“அப்ப நாங்க உங்க மாட்டுக்கும் கீழயா ரபி சாப்?”

ரபி ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், திரும்ப வைத்தார். “ஒரு இலைக்குள் ஒளிந்திருக்கிற பூச்சியை நான் கண்டுபிடித்துவிடுவேன். எட்டு ஆளை எனக்குத் தெரியவில்லை” என்றார். பிறகு எழுந்து ஸ்ரீனிவாசனின் அறைக்குப் போனார்.

போனவர் தொங்கிய முகத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை மதியம், அடுப்பை அணைக்கும் நேரத்தில், ரெங்கராஜிடம் வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஸ்ரீனிவாசன் மரியாதையாகத்தான் பேசினாராம்: சாப்பாடு ரபி டிபார்ட்மெண்ட், ஆட்கள் தன் டிபார்ட்மெண்ட். வெளிநாட்டில் இருக்கிற கோஷர் சான்றிதழ் ஆபீசுக்குப் போன் போட்டால், ஆட்களின் லீவு தங்கள் விதிகளில் வராது என்றார்களாம். ரபியுடைய சபைத் தலைவரோ, நாமே இந்த ஊரில் விருந்தாளிகள், வீண் சத்தம் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

“சரி” என்றான் ரெங்கராஜ். ஜோதிமணியிடம் கற்றுக்கொண்ட ‘சரி’ அது. “நீங்க பூச்சிய மட்டும் பாருங்க ரபி சாப்.”

அன்றைக்கும் ரபி ஆளுக்கொரு பின்னல் ரொட்டி கொடுத்தார். ரெங்கராஜ் வாங்கிக்கொண்டான். அதை யாருக்கு எடுத்துப் போவது என்ற கேள்வி கேம்புக்குப் போகும்வரை அவன் மடியில் உட்கார்ந்திருந்தது. ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டான்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. ஏழு பேர் ஏறினார்கள். ரெங்கராஜ் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ரொட்டிப் பையோடு வேனைத் தாண்டி நடந்தான்.

“ரெங்கா, விளையாடாத. விசாவுல எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்க” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் கௌஸ் முகம்மது.

“அனுப்பட்டும் பாய். எம் பொண்டாட்டியப் பாத்துட்டுப் போறேன்.”

பஸ் ஷார்ஜாவுக்குள் நுழைந்ததும்தான், ஜோதிமணிக்குச் சொல்லவே இல்லையே என்று அவனுக்கு உறைத்தது. இறங்கியதும் கூப்பிட்டு வரச் சொல்லலாம் என்று நினைத்தபடி பூங்காவுக்குள் போனான். வேப்பமரத்தடிப் பெஞ்சில் ஜோதிமணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குச்சட்டி, மடியில் பை. மஞ்சள் சேலை. யாராவது பெஞ்சில் உட்கார வந்தால் விரட்டுவதற்குத் தயாரான முகம்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். “நீ எப்ப வந்த?”

“எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான்.”

“நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

அப்போதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. “போன வாரமும் வந்தியா?”

“போன வாரமும் வந்தேன், அதுக்கு முந்தின வாரமும் வந்தேன். அஞ்சு வாரமும் வந்தேன்.” அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. “எனக்கு லீவு மாமா. என் லீவுல நான் எங்க உக்காரணும்னு உங்க கம்பெனிக்காரனா சொல்றது? சாயங்காலம் வரைக்கும் இருந்து, குழம்ப நானே குடிச்சிட்டுப் போனேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அழுதுக்கிட்டே வேன்ல ஏறுவீங்க. ஏறாம இருக்க எத்தன வாரம் ஆகுதுன்னு பாத்தேன்.” அவள் தூக்கைத் திறந்தாள். “அஞ்சு வாரம் ஆயிருக்கு. ரொம்பத்தான் யோசிச்சிருக்கீங்க.”

ரெங்கராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவளோ ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, “வேலை போயிடுமா?” என்று கேட்டாள். போகலாம் என்றான். தனக்கும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டாள். “போனா போகட்டும். ஆனா போறப்ப தலைய தொங்கப்போட்டுட்டுப் போகாதீங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீனிவாசன் கேம்புக்கே ஆள் அனுப்பியிருந்தார். யூனிபார்மையும் லாக்கர் சாவியையும் கிச்சனில் ஒப்படைக்க வேண்டும், விசா கேன்சல் ஆகும்வரை ரூமில் இருக்க வேண்டும். அன்றைக்கு என்று பார்த்து ஒரு கல்யாண விருந்து இருந்தது. பெரிய ஓட்டல், முந்நூறு விருந்தாளிகள், அத்தனை பேருக்கும் கோஷர் சாப்பாடு. ரெங்கராஜ் மடித்த யூனிபார்மோடு உள்ளே நுழைந்தபோது, மற்ற ஏழு பேரும் கறி ஊறவைத்து, வெங்காயம் நறுக்கி, அரிசி களைந்து, சட்டிகளை அடுப்பின் மேல் ஏற்றாமல் வரிசையாக வைத்துவிட்டு ரபிக்காகக் காத்திருந்தார்கள்.

ரபி வந்தார். கையைக் கழுவினார். திரும்பியவர் கண்ணில் ரெங்கராஜின் கையிலிருந்த துணிமணி பட்டது. “இது என்ன?” என்றார்.

“நேத்து எங்க வீட்டம்மாவப் பாக்கப் போனேன் ரபி சாப். அதுக்கு வெகுமானம்” என்றான் ரெங்கராஜ்.

ரபி கையைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரை எடுத்தார். எடுத்து, பற்றவைக்காமல், கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீனிவாசன் ஓடி வந்தார். “ரபி, என்ன இது? லேட்டாகுது!”

“இன்று நான் பற்றவைக்கப் போவதில்லை” என்றார் ரபி. “நேற்றுப் பகலில் திராட்சை ரசக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் சபைக்கு முன்னால் அந்த ஓய்வுநாள் வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். வருஷக்கணக்காகச் சொல்கிற வாசகம். வேலைக்காரன் என்ற இடம் வந்ததும் வாய் வரவில்லை. நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று அவர்களிடம் சொன்னேன். பாதிப் பேருக்கு என் மேல் கோபம். மீதிப் பேர் வெட்கப்பட்டு ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனார்கள். சாமி கும்பிடுகிற இடத்தில் சொல்ல முடியாத வார்த்தையை வைத்துக்கொண்டு, இங்கே வந்து நான் எதைச் சுத்தம் என்று சொல்வது?”

“இது லேபர் விஷயம் ரபி. உங்களுக்குச் சம்பந்தமில்லை.”

“அடுப்பு எனக்குச் சம்பந்தம் என்று நீங்கள்தான் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.”

ஸ்ரீனிவாசன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்கள் பக்கம் திரும்பினார். இந்த ஊரில் கூட்டம் சேர்ந்து வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருமே வேலையை நிறுத்தவில்லையே. நறுக்க வேண்டியது நறுக்கியாயிற்று, களைய வேண்டியது களைந்தாயிற்று. நெருப்பு ஒன்றுதான் பாக்கி.

“கௌஸ் பாய், நீங்க பத்தவைங்க” என்றார்.

கௌஸ் முகம்மது கையைக் கட்டிக்கொண்டு பரம சாதுவாகச் சுவரைப் பார்த்தார். “எனக்கு அந்த உரிமை இல்லியே சார். பத்தவெச்சா வேலை நீக்கம்னு நாலு பாஷையில போட்டிருக்கு. கம்பெனி முத்திரை வேற இருக்கு.”

யாரோ பின்னால் சிரித்து, இருமலாக மாற்றினார்கள். ஸ்ரீனிவாசனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அலமாரியிலிருந்து இன்னொரு லைட்டரைப் பிடுங்கி, நடு அடுப்பைத் தானே பற்றவைத்தார். ‘குப்’பென்று தீ எழுந்தது. “எரியுது பாருங்க! இதுக்கு எதுக்கு இவ்வளவு டிராமா? சட்டியை ஏத்துங்கப்பா!”

ஒருவரும் அசையவில்லை. ரபி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “ஏற்றலாம். வேகவும் செய்யும். சாயங்காலம் நான் ஓட்டல் வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், இது நம் சாப்பாடு இல்லை என்று சொல்வேன். முந்நூறு பேரிடமும் சொல்வேன். பொய் சொல்லச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.”

தீ சும்மா எரிந்துகொண்டிருந்தது. ஸ்ரீனிவாசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி அணைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார்.

“ஓகே. ஓகே. ரெங்கராஜ் வேலையிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை அவருக்கு லீவு. ரைட்டா? இப்ப பத்தவைங்க ரபி, ப்ளீஸ்.”

ரபியின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. அவரும் மனிதர்தானே, இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து லைட்டரை எடுத்து நடு அடுப்பிடம் போனார்.

ரெங்கராஜ் அந்த ஏழு பேரைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. கௌஸ் முகம்மது ஏற்கெனவே சட்டியைத் தூக்கக் குனிந்துவிட்டார். அவன் ஜெயித்துவிட்டான், அவர்களுக்கு அதில் சந்தோஷம்தான். சனிக்கிழமை அவர்கள் வேனில் ஏறுவார்கள், அவன் இஸ்திரி போட்ட சட்டையில் அவர்களைத் தாண்டி நடப்பான். பெஞ்சில் ஜோதிமணி இருப்பாள். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதுதான் கைக்கு வந்தும்விட்டது. தலைய தொங்கப்போடாதீங்க என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

அவன் எட்டி அடுப்பின் திருகைக் கையால் பொத்திக்கொண்டான்.

“ரபி சாப், ஒரு நிமிஷம். உங்க சட்டத்துல வேலைக்காரன்னு சொன்னீங்களே. அதுல ரெங்கராஜ்னு பேரு போட்டிருக்கா?”

ரபி அவனைப் பார்த்தார். ஒரு கணம் புரியவில்லை, பிறகு புரிந்தது. அவர் காது சிவந்துவிட்டது. “இல்லை” என்றார். “பெயர் போடவில்லை.” லைட்டரை மறுபடியும் பைக்குள் போட்டார்.

“ரெங்கா, உனக்குக் கிடைச்சத வாங்கிக்கடா” என்றார் கௌஸ் முகம்மது.

“எனக்கு மட்டும்னா வேணாம் பாய். எட்டுப் பேருக்கும். இல்லேன்னா இந்தாங்க யூனிபார்ம்.”

ஸ்ரீனிவாசன் வெடித்தார். “என்னய்யா நினைச்சிட்டிருக்கீங்க எல்லாரும்? லீவு லீவுன்னு! எனக்கே லீவு கிடையாது, தெரியுமா? சனிக்கிழமை நானும்தான் ஜெபல் அலியில நிக்கிறேன். என் பொண்ணு ஷ்ருதி, ஸ்கூல்ல டான்ஸ் புரோகிராம், நான் பாத்ததே இல்ல. நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

சொல்லிவிட்டு, இதை ஏன் சொன்னோம் என்பதுபோல் நிறுத்திக்கொண்டார்.

“அப்ப உங்களையும் சேத்துக்கலாம் சார்” என்றான் ரெங்கராஜ். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான், சொல்லி முடிக்கும்போது கிண்டல் போய்விட்டது. “எட்டோட ஒம்போது.”

ஸ்ரீனிவாசன் வெகுநேரம் அவனை முறைத்தார். பிறகு போனை எடுத்துக் கட்டைவிரலால் படபடவென்று ஏதோ அடித்தார். எட்டுப் பேர் சட்டைப்பையிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போன் துடித்தது. சனிக்கிழமை கிச்சன் மூடல், எல்லோருக்கும் விடுமுறை, வேன் கிடையாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. “ஆனா உன் கான்ட்ராக்ட் ஜூன்ல முடியுது ரெங்கராஜ். அப்ப நான் பேசிக்கறேன்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரபி அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். நடு அடுப்புக்கு வரும்போது ரெங்கராஜ் கையை எடுத்து வழிவிட்டான். கல்யாண விருந்து அரை மணி நேரம் தாமதமாகப் போயிற்று. யாரும் குறை சொன்னதாகத் தகவல் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ரெங்கராஜ் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஜோதிமணிக்கு முன்னாலேயே ரோலாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். தூக்கோடு வந்தவள் அவனைப் பார்த்து நின்றாள். “என்ன, இன்னைக்கு முந்திக்கிட்டீங்க?”

“அஞ்சு வாரம் நீ உக்காந்து காத்திருந்தேல்ல. அது எப்படி இருக்கும்னு பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லால்ல” என்றான். அவள் சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நடந்ததெல்லாம் சொன்னான், கடைசியில் ஜூன் மாதத்தையும் சொன்னான். சொல்லிவிட்டு, தன்னையறியாமல் விரலை மடக்க ஆரம்பித்தான். ஜூன் வரைக்கும் எத்தனை சனிக்கிழமை மிச்சம் என்று கணக்கு.

ஜோதிமணி அந்தக் கையைப் பிடித்து விரலைப் பிரித்தாள். குழம்பில் முக்கிய ரொட்டித் துண்டை அதில் வைத்தாள்.

“எண்ணாதீங்க மாமா” என்றாள். “சாப்பிடுங்க.”